செத்த ஆட்டைப் புதைக்கும் முன் ஒரு போன்

ஒன்பது ஆடுகள் செத்த பிறகுதான் என் பட்டிக்கு வந்த நோயின் பெயர் எனக்குத் தெரிந்தது. 2018 கார்த்திகையில் சந்தையில் இரண்டு பெட்டைகள் வாங்கி வந்தேன். அன்று மாலையே மற்ற ஆடுகளோடு அடைத்துவிட்டேன். பத்து நாளுக்குள் ஒன்றுக்கு மூக்கில் சளி, இன்னொன்றுக்குக் கண்ணில் பீளை, அப்புறம் வாய்ப்புண், கடைசியில் நாற்றமடிக்கும் கழிச்சல். மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொடுத்த ஊசி மருந்துக்கும் அதைப் போட வந்தவருக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. செத்த ஆடுகளை ஒவ்வொன்றாகக் கிணற்றுமேட்டுக்கு அந்தப் பக்கம் புதைத்தோம்.

கடைசியில் கால்நடை மருந்தகத்து டாக்டர் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. "ஒன்பது ஆட்டையும் புதைத்துவிட்டீர்களா அம்மா? ஒன்றையாவது வைத்திருக்கக் கூடாதா?" என்றார். அப்போதுதான் ஊசி போடாத இரண்டு ஆடுகளின் மூக்கிலும் கண்ணிலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார், இரத்தமும் எடுத்தார். ஆய்வகத்திலிருந்து வந்த பதில்: ஆட்டுக்கொல்லி நோய். அது வைரஸ். நான் வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக் அதைத் தொடக்கூட இல்லை. கூட வரும் நுரையீரல் சளிக்கு வேண்டுமானால் கொஞ்சம் உதவியிருக்கும். பரிசோதனைக்கு நான் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. இந்த நோய்க்கு ஒரே ஊசி மூன்று ஆண்டுகளுக்குக் காக்கும் என்பதும், அது அரசு இலவசமாகப் போடுவது என்பதும், குட்டி போடும் சமயம் என்று சாக்குச் சொல்லி அந்த ஆண்டு முகாமுக்கு ஆடுகளை ஓட்டிப் போகாதது நான்தான் என்பதும் அந்த வாரத்தில் உறைத்தன.

ஈரோடு மாவட்டத்தில் சிவகிரிக்குப் பக்கத்தில் எங்கள் பண்ணையம். நான்கு கறவை மாடுகள், நாற்பது வெள்ளாடுகள், கொஞ்சம் நாட்டுக்கோழி. அந்தக் கார்த்திகைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நோயைக் கண்டுபிடிக்க அரசு செலவழிக்கிறது. ஆனால் அந்தப் பணம் நம் கட்டுத்தரைக்குத் தானாக நடந்து வராது. கேட்கிற விதத்தில், கேட்கிற நேரத்தில் கேட்க வேண்டும்.

பணம் எந்த வழியாக வருகிறது

இதைத் தெரிந்துகொள்வது வெட்டிப் பேச்சு அல்ல. எது உரிமையாகக் கிடைக்கும், எதற்குக் கையிலிருந்து போட வேண்டும் என்று தெரிந்தால் யாரிடமும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

கோமாரி நோய்க்கும், சினை கலையவைக்கும் கன்று வீச்சு நோய்க்கும் (புருசெல்லோசிஸ்) எதிராக 2019 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய், முழுவதும் மத்திய அரசின் பணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்து போடும் கோமாரி ஊசி அந்தத் திட்டத்தில் வருவது. நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள பெண் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே முறை போடும் கன்று வீச்சு ஊசியும் அப்படியே. ஆட்டுக்கொல்லி ஊசி இப்போது கால்நடை நல, நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் வருகிறது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தி, வாங்கிய செலவு மத்திய அரசுடையது. ஓட்டும் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் பெருந்தொற்று நிதியிலிருந்து ஆய்வகங்களை வலுப்படுத்தவும் நோய்க் கண்காணிப்புக்கும் இந்தியாவுக்கு 2.5 கோடி டாலர் வந்திருக்கிறது. அந்தத் திட்டத்தை 2024 அக்டோபரில் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு பழைய சொத்தும் உண்டு. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோழிக் கழிச்சல் எல்லாவற்றுக்கும் அங்கே மருந்து செய்கிறார்கள். கோழிக் கழிச்சலை டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் ராணிப்பேட்டையிலிருந்து வந்த நோய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம் ராணிப்பேட்டை, மருந்து செய்து கொடுத்ததற்கு இந்தப் பெயர்! ராணிக்கெட் என்பது இமயமலையில் குமாவூன் பக்கம் உள்ள ஊர்.

ஆட்டுக்கொல்லிக்கும் நமக்கும் இன்னும் நெருங்கிய உறவு. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் உறுதியானது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊர் ஆடுகளிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டே தடுப்பூசிக்கு ஒரு வித்து உருவாக்கினார்கள். அதன் பெயரே 'அரசூர் 87'. அதற்கு முன் வந்ததையெல்லாம் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) என்று நினைத்திருக்கக்கூடும். இரண்டுக்கும் அடையாளங்கள் அவ்வளவு ஒன்று போல இருக்கும். என் அப்பத்தா மாட்டுக்கு வந்த வெக்கையைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஊசியும் பரிசோதனையும் சேர்ந்து செய்த வேலை அது.

முதலில் காது வில்லை

மாட்டுக்குக் காதில் 12 இலக்க எண் உள்ள வில்லை இல்லையென்றால் முதல் வேலையாக மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி, சினை ஊசி, பரிசோதனை, காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் ஏறுகின்றன. வில்லை போட்டால் மாடு பயப்படும், காது அறுந்துவிடும் என்பார்கள். எனக்கும் ஒன்று அறுந்தது, மறுபடி போட்டார்கள். ஊசி போட்டால் பால் குறையும் என்பதும் உண்மைதான், ஓரிரு நாள் குறையும். கோமாரி வந்த கட்டுத்தரையில் எவ்வளவு குறையும் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது

ஒரு பிராணி நோயுற்றால் கால்நடை மருந்தகம் அல்லது 1962. கிளை நிலையத்துக் கால்நடை ஆய்வாளரிடம் சொன்னாலும் டாக்டருக்குப் போகும். ஒரே வாரத்தில் இரண்டுக்கு மேல் ஒரே மாதிரி நோயுற்றாலோ, காரணம் தெரியாமல் ஒன்று செத்தாலோ இன்னொரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி அனுப்ப வேண்டும்." கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. சாணி, இரத்தம், பால் எல்லாம் பார்ப்பார்கள். கொள்ளை நோய் என்று தெரிந்தால் ஊருக்கே வருவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சென்னை மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம். எங்களுக்குப் பக்கத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. கல்லூரிக்கு நேராகவும் போகலாம். ஆனால் மருந்தகத்து டாக்டரின் கடிதத்தோடு போனால் மாதிரிக்கு ஒரு விலாசம் இருக்கும், பதிலும் அவருக்கு வரும், அடுத்து என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்வார். கடிதம் இல்லாமல் பெற்ற முடிவுத் தாளை வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் வரும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். மொத்தம் எத்தனை, எத்தனைக்கு நோய், எத்தனை செத்தன, முதல் ஆடு எந்தத் தேதியில் நோயுற்றது, குட்டிகளா பெரியவையா, கடைசியாக எப்போது என்ன ஊசி, தீவனம் மாற்றினீர்களா, ஒரு மாதத்துக்குள் வெளியிலிருந்து என்ன வந்தது. இந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். சந்தையில் வாங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, முதலில் மறைத்தேன். இந்தக் குறிப்புகளை வைத்தே எந்தப் பரிசோதனை கேட்பது என்று அவர் தீர்மானிக்கிறார். நல்ல மழை பெய்து புல் துளிர்த்த நேரத்தில், பட்டியிலேயே கொழுத்த ஆடு இராத்திரியில் செத்துக் கிடந்தால், குடலில் நஞ்சு பெருகிக் கொல்லும் துள்ளுமாரியைச் சந்தேகிப்பார். குட்டி பெரிசு எல்லாவற்றுக்கும் சளியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் வேறு கணக்கு.

மாதிரி கெட்டால் எல்லாம் கெட்டது

இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மருந்து போடுவதற்கு முன் மாதிரி. மடிவீக்கம் வந்த மாட்டின் பாலை ஆன்டிபயாடிக் ஏற்றிய பிறகு அனுப்பினால் கிருமி வளராது. ஒன்றும் இல்லை என்று பதில் வரும், மாடோ மடி காய்ந்து நிற்கும். காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் நுனியை ஒற்றி, முதல் இரண்டு மூன்று பீச்சைக் கீழே விட்டுவிட்டு, அதன் பிறகு சுத்தமான சிறு புட்டியில் பிடிக்க வேண்டும். புட்டியை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். காப்பித்தூள் டப்பாவில் கொண்டு போனவர் எங்கள் உறவிலேயே இருக்கிறார், அவர் காதுக்கு இது எட்டாமல் இருக்கட்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காத்திருக்க முடியாத நிலை என்றால் மாதிரி எடுத்த கையோடு டாக்டர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். பதில் வந்ததும் மருந்தை மாற்றுவார்.

சீரம் பார்க்க எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைக்கலாம், பிரிட்ஜின் பனி உறையும் தட்டில் வைக்கக் கூடாது. உறைந்தால் அணுக்கள் உடைந்து சிவப்புத் தண்ணீர் ஆகிவிடும். சாணியோ புழுக்கையோ தரையிலிருந்து அள்ளியது வேண்டாம். போடும்போதே பிடித்தது கொஞ்சம் போதும். பெயர்ச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் ஒன்று, சுற்றிலும் ஐஸ், தெர்மோகோல் பெட்டி. மீன் வாங்கிய பெட்டி கூடாதா என்று கேட்காதீர்கள், கழுவிக் காயவைத்தால் ஆகும்.

செத்த ஆட்டை நிழலில் வைத்து உடனே போன் செய்யுங்கள். நம் வெயிலில் சில மணி நேரத்தில் குடல் அழுகி, பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிரேதப் பரிசோதனையை டாக்டர் செய்வார். நாமே அறுத்துப் பார்க்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கறிக்காக அறுப்பவர்களும் உண்டு. கேளுங்கள்: நன்றாக மேய்ந்துகொண்டிருந்தது திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். கத்தி வைக்கவே கூடாது, தோலும் உரிக்கக் கூடாது. காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும், மனிதனையும் கொல்லும். டாக்டரே காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொள்வார், அவ்வளவுதான். அப்புறம் ஆறடிக் குழி, சுண்ணாம்பு. அதேபோல வாயில் நுரை ஒழுக, குரல் மாறிக் கத்தும் மாட்டின் வாய்க்குள் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம்.

நஞ்சுக்கொடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்லபடியாகக் கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் வழக்கம், நானும் கட்டுகிறேன். ஆனால் சினை ஐந்து மாதத்துக்கு மேல் ஆகி மாடு கன்று வீசினால் மரத்துக்குப் போகக் கூடாது, நாய்க்கும் போகக் கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது. கன்று வீச்சு நோய்க் கிருமி நமக்கும் தொற்றும்; விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் படுத்தும். டாக்டரைக் கையுறையோடு மாதிரி எடுக்க விட்டு, மிச்சத்தைச் சுண்ணாம்போடு ஆழப் புதையுங்கள். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். வீசியது ஒரு மாடுதானே என்று விடாமல் இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் பார்த்துவிட்டு நீங்களே போய்க் கேளுங்கள். ஒருமுறை எனக்கு இருபது நாள் ஆயிற்று. ஓர் அலுவலக மேசையிலேயே கடிதம் படுத்திருந்தது. சண்டை போடவில்லை. மாதிரி அனுப்பிய தேதியும் எண்ணும் நோட்டில் இருந்ததால் எந்த மேசை என்று கண்டுபிடிக்க முடிந்தது.

சொல்லாமல் மறைத்தால்

ஊரில் நோய் என்று தெரிந்தால் பால் எடுக்க மாட்டார்கள், ஆடு விலை போகாது என்று மறைப்பார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்று நோய்ச் சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே உடைமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்லியாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், காசுக் கணக்கைப் பாருங்கள். பறவைக் காய்ச்சலில் அரசு அழிக்கும் கோழிகளுக்கு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக இழப்பீடு தருகின்றன. நோயில் தானாகச் செத்த கோழிக்கு அது கிடையாது. மறைத்து வைத்து நாலு நாள் கழித்துச் சொன்னவருக்குக் கையில் வருவது குறையும்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் காப்பீடுதான் வழி. தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ், 2024இல் விதிகளை மாற்றிய பிறகு பிரீமியத்தில் 15 சதவீதம் நாம் கட்டினால் போதும். வில்லை எண்ணும், செத்த உடனே கொடுத்த தகவலும், டாக்டரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் பணம் வராது. என் ஒன்பது ஆடுகளுக்கு இந்த மூன்றுமே இல்லை.

வாசலிலே நிறுத்துவது

நோய் உள்ளே நுழையாமல் தடுப்பதை உயிரிப் பாதுகாப்பு என்று முகாமில் சொன்னபோது ஏதோ பெரிய கோழிப் பண்ணைக்கு உரியது என்று நினைத்தேன். எங்கள் தாத்தா காலத்துக் கிளுவை வேலி அதுதான் என்று இப்போது புரிகிறது. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றி வேலி நெருக்கமாக இருந்தால் அடுத்தவர் ஆடு மூக்கோடு மூக்கு உரசாது. வேலியில் விழுந்த ஓட்டைகளை அடைக்க எனக்கு இரண்டு நாள் கூலி ஆயிற்று. இந்த வகைச் செலவுக்கு என்னைப் போன்ற சிறிய பட்டிக்கு மானியம் என்று ஒன்றும் கைக்கு வரவில்லை. நூறு ஆட்டுக்கு மேல் பண்ணை போடுகிறவர்கள் தேசியக் கால்நடை இயக்கத்தில் பாதி மூலதனத்தை மானியமாகக் கேட்கலாம். அவர்கள் திட்ட அறிக்கை எழுதும்போதே தனிக் கொட்டகையையும் சுற்று வேலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது.

தனிக் கொட்டகை பெரிதாக வேண்டாம். என்னுடையது பட்டியிலிருந்து ஐம்பது அடி தள்ளி, காற்று பட்டியிலிருந்து அதன் பக்கம் வீசும் திசையில், நான்கு கல் தூண், பழைய தகரம். புதிதாக வந்தவை முப்பது நாள் அங்கே. ஆட்டுக்கொல்லி பெரும்பாலும் பத்து நாளுக்குள், கோமாரி இரண்டு வாரத்துக்குள் வெளியே தெரிந்துவிடும். அப்படியிருக்க முப்பது எதற்கு என்றால், வந்ததும் ஊசி போட்டு அது உடம்பில் பிடிக்கவும், குடற்புழு மருந்து கொடுத்து மறுபடி புழுக்கை பார்க்கவும் நாள் வேண்டும். தனித் தண்ணீர்த் தொட்டி, தனிக் கூடை. தீவனம் போடுவது பட்டிக்கு முதலில், கொட்டகைக்குக் கடைசியில். வரிசை மாறினால் கொட்டகையே வீண்.

வாசலில் கால் நனைக்க ஒரு தட்டு. கோமாரி வைரஸுக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. அதனால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கலந்தால் போதும், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். கையில் பட்டால் எரியும், கழுவிவிடுங்கள். சாணி அப்பிய செருப்போடு மிதித்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது. முதலில் சாணியை வழித்துக் கழுவிவிட்டு அப்புறம் நனைக்க வேண்டும். தட்டை நான் வைத்த முதல் மாதம் எல்லாரும் அதைத் தாண்டிக் குதித்தார்கள். என் கொழுந்தனார் இன்னும் குதிக்கிறார். ஆட்டு வியாபாரியை உள்ளே விடுவதில்லை. விற்கிற கிடாயை வேலிக்கு வெளியே கட்டிக் காட்டுகிறேன். சந்தைக்குப் போய் விலை படியாமல் திரும்பி வந்த ஆடும் புது ஆடுதான், அதுவும் கொட்டகைக்கே போகும். இதில் மட்டும் வீட்டில் யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை.

நாட்டுக்கோழிக்கு இவ்வளவு சிரமம் இல்லை. சனிக்கிழமைகளில் கால்நடை நிலையங்களில் கழிச்சல் நோய்க்கு இலவசமாக ஊசி போடுவார்கள். கூடையில் போட்டு மூடிக் கொண்டு போனால் அரை மணி நேர வேலை.

இந்த மாதமும் இரண்டு பெட்டைகள் வாங்கியிருக்கிறேன். கொட்டகைக்கு வந்து இன்று பன்னிரண்டாம் நாள். கறுப்புக்கு ஒருமுறை இருமல் கேட்டது. புல் சிக்கியதாகத்தான் இருக்கும், ஆனாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிட்டேன். நாளைக் காலை தரையில் விழுமுன் புழுக்கையைப் பிடிக்க வேண்டும், டப்பா இரண்டும் கழுவிக் கவிழ்த்தாயிற்று.